கருத்துக் கேட்பு

காலை பத்தரைக்கு
ஆளில்லாத மண்டபத்தில்
முதலில் பேசியது நான்தான்.
ஹலோ, ஒன், டூ, த்ரீ.
எதிரொலி கொஞ்சம் அதிகம்.
திருகிக் குறைத்தேன்.

மேடைச் சுவரில்
நேற்றைய கல்யாணத்துத் தெர்மகோல் கழற்றாமலே இருந்தது:
கவிப்பிரியா – லோகநாதன்.
அதற்கு நேர் கீழே
மாநகராட்சியிலிருந்து ஐந்து பேர்,
சீர் கொண்டுவந்த ஒறம்பரை மாதிரி
நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

திரையில் எங்கள் வீதி.
வெயில் புகுந்து வெளிறிப்போயிருந்தது.
பஞ்சுப்பேட்டை மூன்றாம் சந்தை
யாரோ ஸ்கேல் வைத்து நிமிர்த்திவிட்டார்கள்.
சாக்கடைக்கு நீல நிறம்.
நீலமாக அது ஓடியதும் உண்டு,
சாயப்பட்டறை மூடாத காலத்தில்.
மறுநாள் சிவப்பு.

செவ்வாய்க்கிழமை கூட்டம் போட்டால்
திருப்பூரில் யார் வருவார்கள்?
ஊரே ஒண்ணரை ஷிப்ட்டில் கிடக்கிறது.
வந்திருந்த முப்பது நாப்பது பேரும்
அரை நாள் கூலியைச்
செருப்போடு வாசலில் விட்டு வந்தவர்கள்.

ஆளுக்கு மூன்று நிமிஷம்.
மைக் பிடித்துப் பழகியவர்கள் முதலில்.
லைன் வீடுகளுக்கு ஓனர்,
அவினாசி ரோட்டில் குடியிருப்பவர், சொன்னார்:
"வளர்ச்சிக்கு நாங்க என்னிக்குங்க குறுக்க நின்னோம்?"
முன்வரிசைக் கைதட்டலில்
என் இடது பாக்ஸ் லேசாகக் கரகரத்தது.

அப்புறம் துளசிமணி.
கைமடிப்பு வேலை, பதினாறு வருஷமாய் அதே வரிசை.
சூடான டீ டம்ளர் மாதிரி
மைக்கை வாய்க்கு எட்டவே பிடித்திருந்தாள்.
நான் சத்தத்தை ஏற்றினேன்.

"சார், எங்க வரிசை மட்டும் பச்சையா இருக்குதுங்களே,
பச்சைன்னா என்னங்க?"
"பூங்கா."
"சரிங்க."
கொஞ்ச நேரம் நின்றாள்.
"பதினோரு குடும்பத்துக்கு ஒரே கக்கூஸுங்க.
இடிக்கறதுல வருத்தமில்லீங்க.
வேற கட்டிக் குடுத்துப்போட்டு இடிங்க."

படிவத்தில் அவளுக்குக் கட்டம் இல்லை.
பத்திர எண், வரி ரசீது எண், சர்வே எண்.
சர்வே எண் இருக்க வேண்டிய இடத்தில்
இதுவரை கட்டிய வாடகையையெல்லாம்
கூட்டி எழுதிக் கொடுத்திருந்தாள்.
ஆறு இலக்கம்.

கடைசியாக பிபின்.
ஒடிசாக்காரன், ஓவர்லாக் டெய்லர்.
"எனக்குத் தமிழ் நல்லா வரும் சார்" என்றுதான் தொடங்கினான்.
மேடையிலிருந்து ஒரு கை
என்னைப் பார்த்து மெல்லத் தாழ்ந்தது.
சாப்பாட்டு நேரம்.
நான்தான் குறைத்தேன்.
வேறு யாரையும் சொல்ல முடியாது.
அவன் வாய் அசைந்துகொண்டே இருந்தது,
மூன்று நிமிஷத்தையும் முடித்து
வணக்கம் சொல்லித்தான் இறங்கினான்.

வயர் சுருட்டும்போது
குறிப்பெழுதிய தம்பியின் தாளைப் பார்த்தேன்.
அழகான கையெழுத்து.
ஒரு 'ங்க' கூட இல்லை.
துளசிமணி பெயருக்கு நேரே
'இடிப்பதில் வருத்தமில்லை.'
அதோடு சரி.

நாலு பாக்ஸ், ரெண்டு மைக், வண்டி வாடகை.
ஆயிரத்து எண்ணூறு.
எந்தத் தலைப்பில் பில் போட என்றதற்கு
'பொதுமக்கள் கருத்து'ன்னு போடுங்க என்றார்கள்.
செக் வர மூணு மாசம் ஆகுமாம்.

டெம்போ சந்துக்குள் திரும்பியபோது
பனியன் கம்பெனி வாசலில் டீ நேரம்.
தலையில் பஞ்சுத் தூசியோடு ஒருத்தி
எட்டிப் பார்த்தாள்.
"ஏனுங்ணா, கேட்டாங்களா?"

நம் பேச்சில் அந்த ஒரு சொல்லே
காதுக்கும் வாய்க்கும் சேர்த்து வேலை செய்கிறது.
கேட்டாங்க, என்றேன்.

பாக்ஸை இறக்க இரண்டு பேர் கை கொடுத்தார்கள்.
குடோன் ஷட்டரைத் தூக்கினேன்.
இதுவும் பச்சைக்குள்தான் வருகிறது.
இதை அங்கே நான் சொல்லவில்லை.